நடையும் நலமும்

நடை என்பது தமிழில் பொருள் வளம் மிக்க ஒரு சொல். கால்களால் இயங்கும் இயக்கம் நடை எனப்படும். மனிதன் உலகில் ஒழுகும் முறையும் நடையே. எழுத்தாளன் எழுதும் எழுத்தின் போக்கையும் நடை என்றே வழங்குவர். ஒருவனுடைய ஒழுக்கநடை அவன் உள்ளத்தைக் காட்டும். உரைநடை அவன் அறிவைக் காட்டும். அங்ஙனமே, கால்நடை அவன் உடலின் நிலையைக் காட்டும் என்பதை இக்கால மருத்துவ அறிவியல் அளந்து கூறுகின்றது.

தமிழர் குழந்தையின் நடையைக் கொண்டாடியவர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஆறாவதாகிய வருகைப் பருவம், குழந்தை தளர்நடையிட்டு வரும் அழகைப் பாடுதற்கென்றே அமைந்தது. தச்சர் மூன்று உருளைகளைப் பூட்டி நடைவண்டி செய்தனர். குழந்தை ஓரடி எடுத்து வைத்தால் வீடே கைகொட்டி மகிழும். ஆயின், அதே வீட்டில் எழுபது ஆண்டுகள் நடந்த கால்கள் மெல்லத் தளரத் தொடங்கும்போது அதனைக் கவனிப்போர் மிகச் சிலரே. “வயதாயிற்று, தளராமல் என்ன செய்யும்?” என்று கூறி அமைந்துவிடுவோரே பலர். அத்தளர்ச்சியில் ஒரு செய்தி அடங்கியுள்ளது. அதனை உரிய காலத்தில் படித்தறிந்தால் ஒரு வீழ்ச்சியைத் தடுக்கலாம். ஒரு நோயை முன்னரே உணரலாம். ஒரு முதியவர் பிறர் துணையின்றி வாழும் நாள்களை நீட்டிக்கலாம்.

நடத்தல் எளிய செயல் போலத் தோன்றும். உண்மையில் அஃது உடலின் பல உறுப்புகளும் ஒன்றுகூடி இயற்றும் அரிய செயலாகும். கண் வழியைக் காண்கிறது. செவியின் உட்பகுதியில் உள்ள நுண்ணிய உறுப்பு உடலின் சமநிலையை உணர்கிறது. உள்ளங்கால் தரையின் மேடுபள்ளங்களை அறிவிக்கிறது. மூளை இவற்றையெல்லாம் தொகுத்து ஆணை பிறப்பிக்கிறது. நரம்புகள் அவ்வாணையைக் கொண்டு செல்கின்றன. தசைகள் சுருங்கி விரிகின்றன. மூட்டுகள் மடங்கி நிமிர்கின்றன. இதயமும் நுரையீரலும் இவ்வேலைக்கு வேண்டிய குருதியையும் உயிர்வளியையும் ஊட்டுகின்றன. தேரின் வடத்தைப் பிடிப்போர் பலர். அவருள் ஒருசாரார் கை தளர்ந்தாலும் தேரின் ஓட்டம் மாறிவிடும். நடையும் அத்தகையதே. எவ்வுறுப்புத் தளர்ந்தாலும் அதன் தளர்ச்சி நடையில் வெளிப்படும். மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவன் காளையின் பல்லைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், ஆயினும், அதனை ஒருமுறை நடத்திப் பார்த்த பின்னரே விலை பேசுவான். அவன் அறிந்திருந்த உண்மையைத்தான் இன்று ஆய்வாளர் கருவிகொண்டு ஆராய்கின்றனர்.

முதுமையில் நடை பலவாறு மாறுகின்றது. காலடி குறுகும், விரைவு குறையும், இரு கால்களும் ஒருசேரத் தரையில் ஊன்றியிருக்கும் நேரம் நீளும், கைவீச்சுச் சுருங்கும், திரும்புவதற்குப் பல சிற்றடிகள் தேவைப்படும். இம்மாற்றங்கள் ஒரே நாளில் வருவன அல்ல. கோடையில் குளத்து நீர் வற்றுவதுபோல அவை சிறிது சிறிதாக நிகழ்கின்றன. நாள்தோறும் குளக்கரையில் நிற்பவனுக்கு நீர் வற்றுவது தெரியாது. படிக்கட்டில் அளவுக்கோடு இட்டு வைத்தவனுக்கே தெரியும். அதுபோலவே, உடன் வாழ்வோர் நாள்தோறும் காண்பதனாலேயே முதியோரின் நடைமாற்றத்தைக் காணாது விடுகின்றனர். ஆதலின், இங்கும் ஓர் அளவு தேவையாகின்றது.

காலடியை எண்ணி அளத்தல் புதிய செயலன்று. இமயமலையின் குமாவுன் பகுதியில் மிலம் என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் நயின் சிங். இந்திய நில அளவைத் துறையினர் அவருக்கு ஒரே அளவான காலடி வைத்து நடக்கப் பயிற்சி அளித்தனர். ஏறத்தாழ 2,000 காலடி ஒரு மைல் என்பது அவர் கணக்கு. அவர் கையிலிருந்த செபமாலையில் வழக்கமான 108 மணிகள் இல்லை. 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணியாக உருட்டிக்கொண்டு, மாற்றுருவத்தில் மலைகளைக் கடந்து, 1866-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் திபெத்தின் தலைநகராகிய இலாசாவை அடைந்தார். அவ்வரிய பணிக்காக 1877-ஆம் ஆண்டு இலண்டனில் உள்ள அரச புவியியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. அவர் காலடியால் நிலத்தை அளந்தார். இன்றைய அறிவியலோ காலடியைக்கொண்டு நடப்பவரையே அளக்கின்றது.

இவ்விரண்டாம் வகை அளவைக்கு வழிகாட்டியவருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் எத்தியன் சூல் மாரே. 1870-ஆம் ஆண்டுகளில் அவரும் அவருடைய மாணவரும் காற்றறை பொருத்திய காலணிகளைச் செய்தனர். கால் ஊன்றும்போது அறையிலுள்ள காற்று அமுங்கும். அவ்வமுக்கம் ஒரு குழாயின் வழியே நடப்பவர் கையில் உள்ள பதிவுக்கருவியை அடைந்து கோடாகப் பதியும். எந்தக் கால் எப்போது ஊன்றியது, எப்போது எழுந்தது என்பதை அக்கோடு காட்டும். உடலில் அணிந்துகொண்டே நடையைப் பதிவு செய்யும் இன்றைய கருவிகளுக்கு அக்காலணிகளை முன்னோடி எனலாம்.

இக்காலத்துக் கருவியோ மிகச் சிறியது. கைக்கடிகாரத்திலும் கைப்பேசியிலும் அடங்கிக் கிடக்கும் அதனை முடுக்கமானி என்பர். ஓடும் பேருந்து திடீரென நின்றால் உள்ளே நிற்போர் முன்னோக்கிச் சாய்வர். புறப்பட்டால் பின்னோக்கிச் சாய்வர். வண்டியின் வேகமாற்றத்தைப் பயணியின் சாய்வே காட்டிவிடுகிறது. முடுக்கமானியும் இம்முறையிலேயே இயங்குகின்றது. அதனுள் சிலிக்கானால் ஆகிய நுண்ணிய கட்டி ஒன்று மெல்லிய விற்களில் தொங்குகின்றது. குதிகால் தரையில் ஊன்றும்போதெல்லாம் அக்கட்டி சிறிது அசையும். அவ்வசைவால் அருகிலுள்ள தகடுகளின் மின்னளவு மாறும். அம்மாற்றம் ஒரு வினாடியில் ஐம்பது முறை, நூறு முறை எனக் குறிக்கப்படுகின்றது. பண்டை மருத்துவர் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தனர். இன்று அதே மணிக்கட்டில் அமர்ந்து இக்கருவி நடையைப் பார்க்கின்றது. காலடியின் எண்ணிக்கையையும் நடையின் விரைவையும் கணிக்கின்றது. இடுப்பிலோ காலணியிலோ பொருத்தினால், இரு கால்களின் நடைக்கும் உள்ள வேறுபாட்டையும் காலடிகளுக்கு இடையே உள்ள நேரத்தையும் இன்னும் நுட்பமாக அறியலாம்.

காலடிகளுக்கு இடையே உள்ள நேரம் சிறப்பாக எண்ணத்தக்கது. நல்ல நடையில் ஒரு தாளம் உண்டு. தேர்ந்த மிருதங்கக் கலைஞரின் தட்டுப்போல் காலடிகள் ஏறக்குறைய ஒத்த இடைவெளியில் விழும். அத்தாளம் குலைவது கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். 2001-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் முதியோர் 52 பேரின் காலணிக்குள் அழுத்தம் உணரும் அட்டையை வைத்து அவர்தம் நடையை அளந்தனர். பின்னர் ஓராண்டுக் காலம் அவர்களைக் கவனித்து வந்தனர். அவ்வாண்டில் விழுந்தவர்களுடைய காலடி நேரத்தின் ஏற்ற இறக்கம், விழாதவர்களுடையதைவிட ஏறத்தாழ இரு மடங்காக முன்னரே இருந்தது எனக் கண்டனர். வீழ்ச்சி வருமுன்னரே நடை அதனை அறிவித்திருந்தது. படிப்பாரைத்தான் அது பெறவில்லை.

கருவியே இல்லாமலும் கூரிய கண் நடையைப் படிக்கும் என்பதற்குச் சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்று சான்றாகும். 1997-ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வாய்வில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 58 பேருடன் ஒருவர் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார். அவர்களுள் 12 பேர் பேசுவதற்காக நடையை நிறுத்தினர். அப்பன்னிருவருள் பதின்மர் அடுத்த ஆறு திங்களுக்குள் விழுந்தனர். காரணம் யாது? நடையும் பேச்சும் ஒருங்கே நிகழவேண்டுமானால் மூளைக்குக் கவனம் மிச்சம் இருத்தல் வேண்டும். நடைக்கே முழுக் கவனமும் செலவாகிவிடின், எதிர்பாராத கல்லோ படியோ குறுக்கிடும்போது காத்துக்கொள்ள ஏதும் எஞ்சுவதில்லை. நடை கால்களின் தொழில் மட்டுமன்று. மூளையின் தொழிலும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

நடையின் விரைவு வாழ்நாளோடும் தொடர்புடையது. 2011-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 34,485 பேரைப் பற்றிய ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். ஒரு வினாடிக்கு 0.1 மீட்டர் விரைவு கூடுந்தோறும் இறப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவாக இருந்தது. வினாடிக்கு ஒரு மீட்டரோ அதற்கு மேலோ நடந்தவர், அவ்வயதினரின் பொதுநிலையைவிட நீண்ட நாள் வாழ்ந்தனர். அவ்வளவைக்குச் சில மீட்டர் தரையும் ஒரு நிறுத்துக்கடிகாரமுமே போதியனவாயிருந்தன.

காலடியின் எண்ணிக்கை பற்றியும் ஒரு செய்தி உண்டு. தோக்கியோ நகரில் 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. அதற்கடுத்த ஆண்டு சப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் அணியும் காலடியளவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் ‘மன்போ-கெய்’. பத்தாயிரம் காலடி அளவி என்பது அதன் பொருள். நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடத்தல் வேண்டும் என்று உலகெங்கும் பரவிய வழக்கு அப்பெயரிலிருந்து தோன்றியதே. 2019-ஆம் ஆண்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர், சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களுக்கு முடுக்கமானியை ஒரு வாரம் அணிவித்து ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். நாளுக்கு ஏறத்தாழ 2,700 காலடி நடந்தவரைவிட 4,400 காலடி நடந்தவரின் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைந்திருந்தது. 7,500 காலடிக்கு மேல் அந்நன்மை மேலும் வளரவில்லை. பத்தாயிரம் என்ற எண்ணைக் கண்டு அஞ்சி வீட்டிலேயே அமர்ந்துவிடும் முதியோர்க்கு இவ்வுண்மை பெரியதோர் ஊக்கமாகும்.

நோயை முன்னறியும் முயற்சியும் நடைபெறுகின்றது. பிரிட்டனில் ‘யுகே பயோபேங்க்’ என்னும் பேராய்வில் சேர்ந்தோருள் ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்டோர், 2013-ஆம் ஆண்டு தொடங்கி, ஒரு வாரக் காலம் மணிக்கட்டில் முடுக்கமானியை அணிந்தனர். பின்னர் அவர்களுள் சிலர்க்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கி, உடல் இறுகி, நடை குன்றும் நோய் அது. கார்டிப் பல்கலைக்கழக ஆய்வாளர் பழைய பதிவுகளை எடுத்துக் கணினியின் துணையால் ஆராய்ந்து, 2023-ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். மருத்துவர் நோயை உறுதி செய்வதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரேகூட அன்னாரின் இயக்கம் மெலிந்திருந்தமையை அப்பதிவுகள் காட்டின. 2019-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் தொடங்கிய ‘மொபிலைஸ்-டி’ என்னும் கூட்டாய்வில், இந்நோயாளரும் இடுப்பெலும்பு முறிந்து தேறுவோரும் பிறரும் கீழ் முதுகில் சிறு கருவியை அணிந்து தம் வீட்டிலும் தெருவிலும் இயல்பாக நடந்தனர். மருத்துவர் முன் நடக்கும் நடை வேறு. வீட்டில் நடக்கும் நடை வேறு. தேர்வாளர் முன் எழுதும் மாணவனைப்போல் முதியவரும் மருத்துவமனையில் தம் நடையைத் திருத்திக்கொள்வர். உண்மை நடை அடுக்களைக்கும் திண்ணைக்கும் இடையிலேயே நிகழ்கின்றது.

எனினும், அளவை வேறு, அறிவு வேறு. கருவி தரும் எண்ணை ஆராயாது நம்புதல் தவறு. மெதுவாக நடப்பதனால் நோய் வருகின்றது என்று கொள்ளுதல், சேவல் கூவுவதனால் பொழுது விடிகின்றது என்று கொள்ளுவதை ஒக்கும். பெரும்பாலும் உள்ளேயுள்ள நோயே நடையை மெதுவாக்குகின்றது. மேலும், ஆயிரக்கணக்கானோரிடம் கண்ட உண்மை ஒருவருடைய தலைவிதி ஆகாது. மெல்ல நடந்து தொண்ணூறு கண்டவரும் உளர். விரைந்து நடந்து இளமையில் மறைந்தவரும் உளர். ஆதலின், கருவியின் கணிப்பைச் சாதகம் போலக் கொண்டு அஞ்சுதல் கூடாது. மருத்துவரிடம் செல்லுதற்குரிய குறிப்பாகக் கொள்ளுதலே முறை.

கருவிக்கும் குறை உண்டு. நடைதாங்கியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நகரும் மூதாட்டியின் மணிக்கட்டு அசைவதில்லை; ஆகவே கைக்கடிகாரம் அவருடைய காலடிகளுள் பலவற்றை எண்ணாது விடும். காலைத் தூக்காமல் தேய்த்து மெல்ல நடப்பவர் நிலையும் அதுவே. எவருடைய நடையை மிகுதியும் கவனிக்கவேண்டுமோ அவருடைய நடையையே அக்கருவி காணத் தவறுகிறது. அன்றியும், ஒருவர் எப்போது எழுந்தார், எவ்வளவு நடந்தார் என்பது அவருடைய சொந்தச் செய்தி. முதியவர் ஆயினார் என்பதற்காக, அவருடைய இசைவின்றி அவர் கையில் கருவியைப் பூட்டுதல் அன்பாகாது. அளக்கப்படுபவர் பொருளல்லர்; மனிதர்.

இவ்வளவையெல்லாம் எதன்பொருட்டு? உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 60 வயதைக் கடந்தவரின் விகிதமே மிகுதி. இறவாது பிழைத்தவர் நிலையும் எளிதன்று. இடுப்பெலும்பு முறிகின்றது, படுக்கை நீள்கின்றது, எழுந்தாலும் அச்சம் எழவிடுவதில்லை. அச்சத்தால் நடை குறைகின்றது. நடை குறைவதால் தசை மெலிகின்றது. தசை மெலிவதால் மீண்டும் வீழ்ச்சி நேர்கின்றது. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் தாமே சென்று வந்தவர் ஓர் அறைக்குள் அடங்குகின்றார். உயிர் இருக்கவே உலகம் சுருங்கிவிடுகிறது.

இச்சுழலை அறுக்க வழி உண்டு. 2019-ஆம் ஆண்டு 108 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர், உடற்பயிற்சி செய்யும் முதியோரிடையே வீழ்ச்சிகள் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைகின்றன என்று கண்டனர். கால் தசைக்கு வலிவு தருவதும் உடலின் சமநிலையைப் பேணுவதும் ஆகிய பயிற்சிகளே அவற்றுள் சிறந்தன. கண்ணைச் சோதித்தலும், தலைசுற்றல் தரும் மருந்துகளை மருத்துவர் மாற்றியமைத்தலும், வழுக்கும் தரையைத் துடைத்தலும், இரவில் நடைவழியில் ஒரு விளக்கு வைத்தலும் உற்ற துணையாகும். நடை தரும் செய்தியைப் படிப்பது இச்செயல்களில் முடிதல் வேண்டும். முடியாதாயின், எண்கள் ஏட்டில் கிடந்து பயனற்றுப் போகும்.

விலையுயர்ந்த கருவி எல்லா வீட்டிலும் இராது. அதனால் இழப்பொன்றும் இல்லை. இந்தியாவில் 2017-18-இல் 45 வயதுக்கு மேற்பட்டோரைக் குறித்து நடந்த பேராய்வில், முதியோர் நான்கு மீட்டர் தொலைவை நடக்கும் நேரத்தையே குறித்தனர். நான்கு மீட்டர்க் கயிறும் ஒரு கடிகாரமும் எவ்வீட்டிலும் கிடைக்கும். அவற்றினும் சிறந்த கருவி ஒன்று இளையோர் ஒவ்வொருவரிடமும் உண்டு. அது முதியோரோடு உடன் நடக்கும் வழக்கம். பாட்டியார் அண்மையில் சுவரைப் பற்றிக்கொண்டு நடக்கின்றாரா, பாட்டனார் பேசும்போது நின்றுவிடுகின்றாரா, சென்ற திங்கள் எளிதில் ஏறிய படியில் இன்று தயங்குகின்றாரா என்பவற்றை உடன் நடப்பவரே முதலில் அறிவர். அறிந்ததைப் பெற்றோர்க்கும் மருத்துவர்க்கும் உரைத்தல் மாணவராலும் இயலும் பணியாகும்.

இளையோர் விரைந்து நடப்பது இயல்பு. ஆயினும், முதியோர் உடன் வரும்போது தம் காலடியைச் சிறிது குறைத்துக்கொள்ளுதல் பண்பு. காலின் நடையைக் கவனிக்கும் அந்த அன்பே, வாழ்க்கையின் நல்ல நடையும் ஆகும்.